ஒன்பது கிளிக்

அவளை எல்லாரும் திருப்புளி என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் அவள் ஒரு சின்னத் திருப்புளியைச் செருகி வைத்திருப்பாள். ஒரு கல்யாண வீட்டுக்கே அதோடு வந்துவிட்டாள் என்று ஹாரன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவள் மறுத்ததில்லை. வந்தது உண்மைதான்.

ஹாரன் என்பவர் அவள் வேலை பார்த்த பயிர்க்காப்புப் பிரிவின் ஜீப் ஓட்டுநர். அந்த ஜீப்பில் ஹாரன் கெட்டுப் பல வருஷமாயிற்று. திருப்பம் வந்தால் தலையை வெளியே நீட்டி அவரே கத்துவார். அவர் வீடும் திருப்புளியின் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. இரண்டு வீட்டுப் பெண்களும் பின்கதவைத் தட்டுகிற வழக்கமில்லை; நேராக அடுப்படிக்கே வந்து நிற்பார்கள்.

காட்டோர வயல்களில் இறங்கும் பன்றிகளைச் சுடுவதுதான் அந்தப் பிரிவின் வேலை. சுடுகிறவர்கள் மூன்று பேர். மூத்தவர் திருப்புளியின் கணவர். அவருக்கு ஒத்தவெடி என்று பேர்; அவருக்கு இரண்டாவது குண்டு தேவைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வயலில் ஒரு சத்தம் கேட்கும். பிறகு துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார். வீட்டிலும் பேச்சு குறைவு. "சாகப்போறதுக்கு அது தெரியக்கூடாது" என்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரர்.

கல்யாணத்துக்கு முன்னால் திருப்புளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலையில் இருந்தாள். தன் அம்மாவின் உடைந்த கண்ணாடியைக் கொடுக்க வந்த ஒத்தவெடி, அது சரியான பிறகும் நாலைந்து தடவை வந்தார். கடைசியில் கடைக்காரரே, "தம்பி, இனிமே எதை உடைக்கப் போறீங்க?" என்று கேட்கும்படி ஆயிற்று. பிரிவில் ஸ்கோப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது அவர்தான் அவளைச் சொன்னார்.

ஸ்கோப் என்பது துப்பாக்கியின் மேல் உட்காரும் சின்னத் தொலைநோக்கி. உள்ளே பார்த்தால் ஒரு குறுக்குக் கோடு தெரியும். கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் குண்டும் போய் விழ வேண்டும். ஆனால் புதிதாகப் பொருத்தியதும் அப்படி விழாது. கோடு ஒரு பக்கம் பார்க்கும், குழாய் ஒரு பக்கம் பார்க்கும். இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருவதை ஜீரோ வைப்பது என்பார்கள். பழைய கல்குவாரியின் பாறைச் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டிவிட்டு, நூறு மீட்டர் தள்ளி மணல் மூட்டைமேல் துப்பாக்கியைக் கிடத்தி மூன்று குண்டு சுடுவாள். மூன்றும் விழுந்த இடத்துக்கு நடுவை அளந்து பார்ப்பாள். ஸ்கோப்பின் மேலே இருக்கும் குமிழ் உயரத்துக்கு, பக்கத்தில் இருப்பது இட வலத்துக்கு. மூடியைக் கழற்றித் திருகினால் கிளிக் கிளிக்கென்று சத்தம் வரும். ஒரு கிளிக்குக்கு அந்தத் தூரத்தில் குண்டு ஒரு சென்டிமீட்டர் நகரும். திருகிவிட்டு மறுபடி சுட்டுப் பார்ப்பாள்.

வேலை அதோடு முடிவதில்லை. ஒவ்வொருவரும் கன்னத்தை வைக்கிற விதம் வேறு, விசையை இழுக்கிற விதம் வேறு. அவளுக்கு நடுவில் விழுவது இன்னொருவருக்கு ஒரு விரற்கடை தள்ளி விழும். அதனால் கடைசிக் குண்டுகளைத் துப்பாக்கிக்கு உரியவரையே சுடச் சொல்லி, அதற்கேற்ப ஒரு கிளிக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பாள். ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் எடுப்பதில்லை. எங்கேயும் எழுதி வைக்காவிட்டாலும் எல்லாரும் அதன்படியே நடந்தார்கள்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் ஒத்தவெடி குவாரியிலிருந்து எழுந்து வந்து, "ஸ்கோப் எங்கியோ அடி வாங்கியிருக்கு. எடப்பக்கம் போவுது" என்றார்.

அவள் ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் தளரவில்லை. தானே படுத்துச் சுட்டாள். நடுவில் விழுந்தது. அவரிடம் கொடுத்தாள். இடப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர். மறுபடி அவள், மறுபடி அவர். இந்த முறை அவள் தாளைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் தலையைச் சற்றே சாய்த்து, ஓரக்கண்ணால் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கடையில் அப்படித் தலை சாய்க்கிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களை அங்கே உட்காரக்கூட வைப்பதில்லை. கண்ணாடி போட்டு ஆகிற காரியமில்லை என்று நேரே டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

அன்று வீட்டில், ஏதோ பேச்சுக்கு நடுவில் கேட்பதுபோல, "அந்தக் கதவு நிலை உங்களுக்கு நேரா தெரியுதா?" என்று கேட்டாள்.

"கதவு நேராத்தான் இருக்கு. நீதான் கோணலா கேக்கற."

"ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கு? கண்ணு போச்சுன்னு எழுதி வாங்கிட்டு வரவா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் மூத்தவராக இருந்தவரைப் பார்வை குறைந்ததும் அலுவலக வாசலில் தடுப்புக் கம்பைத் தூக்கி இறக்க வைத்திருந்தார்கள். அந்த மனிதர் ஒவ்வொரு ஜீப்புக்கும் சல்யூட் அடித்துச் சிரிப்பார். அவரைக் கடக்கும்போதெல்லாம் ஒத்தவெடி முகத்தைத் திருப்பிக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். ஒத்தவெடிக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை, சிநேகிதர்கள் இல்லை, குழந்தையும் இல்லை. ஊர் அவரை மதித்தது அந்த ஒரு வெடிக்காகத்தான்.

மறுநாள் பக்கக் குமிழை வலப்பக்கம் இரண்டு கிளிக் திருகிக் கொடுத்தாள். சுட்டார். நடுவில் விழுந்தது.

"பாத்தியா, ஸ்கோப்புதான்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

மழை நின்ற பிறகு இன்னும் இரண்டு. கதிர் முற்றுகிற பருவத்தில் ஒன்று. அவர் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். துப்பாக்கியைச் சுத்தம் பண்ணுகிற சாக்கில் எடுத்துப்போய்த் திருகிவைத்துவிடுவாள். வருடாந்தரத் தேர்வு குவாரியில்தான் நடக்கும். கண்ணைச் சோதிப்பதில்லை, தாளைத்தான் பார்ப்பார்கள். அவர் தேறினார். பிரிவின் அதிகாரி அவர் தோளைத் தட்டினார். அவள் மேசையில் தலையைக் குனிந்துகொண்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குண்டு ஒரு பக்கமாக விலகினால் திருகிச் சரி செய்யலாம். சிதறினால் எந்தக் குமிழாலும் ஆகாது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவருடைய மூன்று குண்டும் தாளில் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கின. அவள் பயந்தாள். ஆனாலும் பன்றியின் மார்பு பெரியது, அவர் கிட்டே போய்ச் சுடுகிறவர் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இந்தப் பருவம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஒன்பது கிளிக் ஆகியிருந்தது.

அந்த வாரம் ஒத்தவெடி வாய்க்கால் மேட்டில் சறுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். கட்டுப் போட்ட காலோடு, வீட்டில் இருப்புக்கொள்ளாமல், ஆயுத அறையில் அவள் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் தன் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டு விடுப்பில் போயிருந்தார். மிச்சம் இருந்தவர் புதுசு. வேறு பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷமாகியும் அந்தப் பேர் போகவில்லை. அவருடைய துப்பாக்கியின் ஸ்கோப் வளையத்தில் கீறல் விட்டிருந்ததால் திருப்புளி அதைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். மாற்று வளையம் இன்னும் வரவில்லை.

பிற்பகலில் அதிகாரி வந்தார். மக்காச்சோள வயலில் பெரிய பன்றி ஒன்று படுத்திருக்கிறது, பக்கத்தில் களை எடுக்கிறவர்கள் வேலை செய்கிறார்கள், உடனே கிளம்ப வேண்டும் என்றார்.

"என் துப்பாக்கி பிரிச்சுக் கெடக்கு சார்" என்றார் புதுசு.

ஒத்தவெடி சுவரைக் காட்டினார். "என்னுதை எடுத்துக்க. அது பொய் சொல்லாது."

புதுசு எடுத்துவிட்டார். திருப்புளி எழுந்து, "ஒரு நிமிஷம் குடுங்க, பாத்துத் தர்றேன்" என்று கையை நீட்டினாள். வாங்கி, பக்கக் குமிழின் மூடியைக் கழற்றினாள். ஒன்பது கிளிக் திருப்பி வைக்கப் பத்து விநாடிகூடப் பிடிக்காது.

"நேத்துதானே அதைப் பாத்தே?" என்றார் கணவர். சந்தேகமாகக் கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் அவள் கைப்பக்கம் திரும்பியிருந்தது, காது கூர்மையாகியிருந்தது. கிளிக் சத்தத்தைத் தூக்கத்தில்கூட எண்ணக்கூடியவர். ஒன்றோ இரண்டோ என்றால் விட்டுவிடுவார். ஒன்பது என்றால் ஏன் என்று கேட்பார், அதிகாரியும் புதுசும் நிற்கிற இடத்திலேயே.

வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஹாரன் வாயாலேயே ஹாரன் அடித்தார். "சீக்கிரம் தங்கச்சி, பன்னி காபி குடிச்சிட்டுக் கெளம்பிடப் போவுது."

அவள் மூடியைத் திரும்பப் போட்டாள். துப்பாக்கியைக் கொடுத்தாள்.

"என்ன, ஏதாவது இருக்கா?" என்று புதுசு கேட்டார்.

"ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க."

பிறகு நடந்தது இவ்வளவுதான். பன்றி இடப்பக்கம் முகம் வைத்து நின்றது. புதுசு நிதானமாக மூச்சை விட்டு, தோளுக்குப் பின்னால் குறி வைத்துச் சுட்டார். குண்டு வலப்பக்கம் விலகி வயிற்றில் பட்டது. பன்றி விழவில்லை. வரப்பில் நின்று களை எடுப்பவர்களை விலகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த ஹாரனைப் பார்த்து ஓடி வந்தது. புதுசு அடுத்த குண்டைச் சுடுவதற்குள் அது ஹாரனின் தொடையைக் கிழித்துவிட்டது. ஜீப்பை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். களை எடுக்க வந்தவர்களில் ஒருத்தி டிராக்டர் ஓட்டுவாள்; அவள்தான் ஜீப்பை எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். உயிர் தங்கியது. கால் தங்கவில்லை.

மூன்றாம் நாள் அதிகாரி துப்பாக்கியைக் குவாரிக்குக் கொண்டுவரச் சொல்லித் திருப்புளியைச் சுடச் சொன்னார். அவள் சுட்டாள். கோட்டுக்கு வலப்பக்கம் ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி, மூன்றும் ஒட்டினாற்போல் விழுந்தன.

"ஜீப்ல அடிபட்டிருக்கும்" என்றார் அதிகாரி. "அந்த ரோடு அப்படி. யார் மேலயும் குத்தமில்ல."

அவள் தலையாட்டினாள். வெளியே புதுசு பாறைமேல் உட்கார்ந்து, விரித்து வைத்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ஒத்தவெடி காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விளக்கு இன்னும் போடவில்லை. அடுத்த வீட்டில் சத்தமே இல்லை. எல்லாரும் மருத்துவமனையில் இருந்தார்கள்.

"ஜீப்புல அடிபட்டிருக்கும்னு சொல்றாரு" என்றாள்.

"இருக்கும்."

"இல்லைங்க. நான்தான் திருகினேன். ஒம்பது கிளிக். உங்களுக்கு எடப்பக்கம் போச்சு. கொஞ்சம் கொஞ்சமாத் திருகி வச்சேன்."

"எப்பலேருந்து?" என்றார்.

"போன வருஷத்து மழையிலேருந்து."

"சுத்தம் பண்றேன்னு எடுத்துட்டுப் போவியே, அப்பவா?"

"ஆமா."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். எதையாவது வீசியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தன் வலது கண்ணைக் கையால் மூடினார், எடுத்தார், மறுபடி மூடினார்.

"எனக்கு அந்தக் கோடு நடுவுல அழிஞ்சு தெரிஞ்சுது" என்றார். "புகை படிஞ்ச மாதிரி. ரொம்ப நாளாவே. ஒன் மூஞ்சியும் அப்படித்தான் தெரியுது, மூக்கு வாய் இல்லாம. ஒங்கிட்ட சொல்லல. ஆனா குண்டு சரியா விழுந்துச்சுல்ல? சரியா விழுதே, அப்பக் கண்ணுக்குப் பெருசா ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு குண்டு தப்பியிருந்தாப் போயிருப்பேன்" என்றார். "நானே டாக்டர்கிட்டப் போயிருப்பேன்."

அவள், "நாளைக்கு ஆபீசர்கிட்ட சொல்லப் போறேன்" என்றாள்.

"எதைச் சொல்லுவே? என் கண்ணையா, ஒன் கையையா?"

"ரெண்டையும்தான்."

அவர், "வெளக்கைப் போடு" என்றார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "அம்மா, மேலே எழுதி அனுப்பியாச்சு. இப்ப இதைக் கெளப்பினா உங்க ரெண்டு பேர் வேலையும் போயிடும். யாருக்கு என்ன லாபம்?"

"புதுசு தன் கைதான் ஆடிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு சார்."

அதிகாரி ஒரு புதுத் தாளை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கினார். அவள் வெளியே வந்து புதுசிடமும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார், நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்தார். அந்த மாதமே மாற்றல் கேட்டுப் போய்விட்டார்.

மருத்துவமனைக்குத் திருப்புளி தனியாகப் போனாள். கட்டிலருகே ஹாரனின் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். விஷயம் இன்னும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. ஹாரன் போர்வைக்கு அடியில் தட்டையாக இருந்த இடத்தைக் காட்டி, "பாத்தியா தங்கச்சி, இனிமே ஒத்தச் செருப்பு வாங்கினாப் போதும்" என்றார்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் ஹாரனின் மனைவி எழுந்து, இவள் கொண்டுவந்திருந்த பழப் பையை எடுத்து இவள் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

ஹாரன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அன்னிக்கு நீ மூடியைக் கழட்டினே. நான் ஜீப்புலேருந்து பாத்தேன். ஏன் திரும்ப மூடினே?"

"அவர் பாத்துக்கிட்டு இருந்தாரு அண்ணே."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒத்தவெடிக்கு வாசல் தடுப்புக் கம்பைத் தருவதாகச் சொன்னார்கள். அவர் வேண்டாமென்று ஓய்வு வாங்கிக்கொண்டார். கண் மருத்துவர் வலது கண்ணில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இடது கண்ணிலும் அதே கோளாறு தொடங்கியிருந்தது. அதை ஊசியால் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம், மாதா மாதம் வர வேண்டும்.

திருப்புளி மறுபடி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். அங்கே யாருக்கும் அந்தப் பட்டப்பேர் தெரியாது. முன்னால் வந்து உட்காருகிறவர் தலையைச் சாய்த்தால், வேறு எதுவும் கேட்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுகிறாள். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். வியாபாரம் கெடுகிறது என்று முதலாளி முணுமுணுக்கிறார்.

ஹாரன் செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகிவிட்டார். இப்போது பிரிவில் டயர் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். தெருவில் எல்லாரிடமும் பழையபடி வாயடிப்பார். அவள் வருவது தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் கடந்த பிறகு மறுபடி தொடங்கும். அவர் வீட்டுப் பின்கதவில் புதிதாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். காலையில் அந்தக் கால் தரையில் ஊன்றுகிற சத்தம் சுவர் வழியாக இவர்கள் அடுப்படிக்குக் கேட்கும். ஒத்தவெடி அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சத்தம் ஓயும்வரை கையை அப்படியே வைத்திருப்பார்.

அவர் அவளைத் திட்டியதில்லை. அந்த மாலைக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. ஒரு தடவை அவள், "நீங்களாச்சும் ஏதாவது சொல்லித் திட்டுங்களேன்" என்று கேட்டாள். "திட்டினா ஒனக்கு ஆறிடும்" என்றார். "எனக்கு?"

மாதம் ஒரு முறை கண் மருத்துவமனைக்குப் போகிறார்கள். போகும்போது அவர் இரண்டடி முன்னால் நடப்பார். கையைக் கொடுத்தால் உதறிவிடுவார். ஊசி போட்ட இடது கண்ணில் கட்டுக் கட்டி அனுப்புவார்கள். வலது கண்ணில் ஓரத்து வெளிச்சம் மட்டும் தெரியும் என்பதால் வரும்போது அவருக்கு வேறு வழியில்லை. அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பேருந்தில் கூட்டமாக இருந்தால் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். படி வந்தால் அவள் "படி" என்பாள், பள்ளம் வந்தால் "பள்ளம்" என்பாள். அதற்கு மேல் இருவரும் பேசுவதில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் கையை எடுத்துவிடுவார்.